சுடுதண்ணிக்குப் பேர் போட்டவர்

கொட்டகலை முதியோர் இல்லத்துக் குளியலறையில் பச்சைத்தண்ணிக் குழாய் மூன்று நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வீரய்யாவும் மகன் சிவசாமியும் அதற்குள்ளிருக்கும் தோல் வளையத்தை, வாசரை, மாற்றப் போனார்கள். கொட்டகலைக் கடைத்தெருவில் வாசர் கிடைக்கும். ஆனால் வீரய்யாவிடம் ஒரு பழைய பூட்ஸ் இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் தோட்ட மானேஜர், பெரியதுரை, விட்டுவிட்டுப் போனது. இடது கால் மட்டும். அதன் மேல்தோலை அவர் ஏழு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து ஊரிலுள்ள குழாய்களுக்கெல்லாம் போட்டுக்கொண்டிருந்தார்.

சிவசாமி தோலின் மேல் ஒரு சதக் காசை வைத்து வட்டம் கீறினான். காசு கொஞ்சம் பெரிது. கத்தியால் ஓரத்தைச் சீவினான்.

“இத்தன வருசம் நம்மள மிதிச்ச தோலு,” என்றார் வீரய்யா. “இப்பதான் ஒழுங்கா ஒரு வேல செய்யப் போவுது.”

“ஸ்பானர நேராப் பிடிங்கப்பா.”

வாசலில் பேச்சியம்மா வந்து நின்றாள். அந்த இல்லத்தில் இருந்த கிழவிகளில் நாக்கு நீளமானவள் அவள்தான். “அப்பனும் மவனும் ஒரு சொட்டுத் தண்ணிக்கு ஒரு மணி நேரமாப் பூச பண்றீங்களே.”

“ஒரு சொட்டு இல்ல பேச்சியக்கா. நாளு ஒண்ணுக்கு ஆறு கலன் வீணாப் போவுது. தம்பி கணக்குப் போட்டு வச்சிருக்கான்.”

“நான் ஒண்ணும் போடல்ல,” என்றான் சிவசாமி.

“போட்டா அவ்வளவுதான் வரும்.”

சொட்டு நின்றது. வீரய்யா குழாயைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார். நாலு தடவை. ஒரு தடவை போதும். மத்தியான ரயிலில் சிவசாமி கொழும்புக்குத் திரும்பினான்.

புதன்கிழமை காலை வீரய்யா அதே இல்லத்தின் அடுப்படியில் விறகைப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது அப்படியே சுவரில் சாய்ந்தார். மாலையில் கொழும்பில் சிவசாமிக்குச் சாவுத் தந்தி வந்தது. 1963 நவம்பர். வயது ஐம்பத்தெட்டு.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பெரும்பங்கு சூட்டைப் பற்றியது.

பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவர் வீரய்யா. பதினாறு வயதில் ஸ்டோருக்குள் போனார். தேயிலை தயாரிக்கும் ஆலைக்கு அங்கே ஸ்டோர் என்றுதான் பெயர். முப்பத்தொன்பது வருடம் டிரையர் அடுப்புக்கு விறகு போட்டார். டிரையர் என்பது அரைத்துப் பதமான இலையை உலர்த்தும் இயந்திரம். அடியில் அடுப்பு எரியும். அந்தச் சூட்டில் இரும்புக் குழாய்கள் காயும். குழாய்களைத் தொட்டுக்கொண்டு வரும் காற்று இலையை உலர்த்தும். புகை மட்டும் இலைப்பக்கம் போகக்கூடாது.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா வெப்பமானியைப் பார்ப்பார். வீரய்யா புறங்கையைக் காட்டிப் பார்ப்பார். இருவருக்கும் வாராவாரம் வெற்றிலைக் கட்டில் பந்தயம். வீட்டில் வெற்றிலைக்குப் பஞ்சமே இருந்ததில்லை என்று அவர் மனைவி அம்மாக்கண்ணு சொல்வாள்.

ஒரு மழைக்காலத்தில் அவர் அந்த அடுப்பில் பலாக்கொட்டை சுட்டார். குழாயொன்றில் விரிசல் இருந்தது யாருக்கும் தெரியாது. சுட்ட கொட்டையின் வாசனை நேரே இலைக்குள் ஏறிவிட்டது. பெட்டி கொழும்புக்குப் போனது. தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்லும் வெள்ளைக்காரரிடமிருந்து துரைக்குக் கடிதம் வந்தது. இந்த வாரத் தேயிலையில் புதிதாக ஓர் அருமையான மணம் இருக்கிறது, அடுத்த வாரமும் அப்படியே அனுப்பவும். துரை டீமேக்கரைக் கேட்டார். டீமேக்கர் வீரய்யாவைக் கேட்டார். வீரய்யா தலையைச் சொறிந்துவிட்டு, “அதுக்கு ஒரு சாக்கு பலாக்கொட்டை வேணுங்க,” என்றார். சாக்கு வந்தது. மூன்று வாரம் துரையின் அனுமதியோடு, வேலை நேரத்தில், ஸ்டோரே உட்கார்ந்து பலாக்கொட்டை தின்றது.

1960இல் வயதாகிவிட்டது என்று நிறுத்தினார்கள். காம்பராவைக் காலி செய்துவிட்டுப் புருசனும் பெண்சாதியும் கொட்டகலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தார்கள். ஒரே மகன் சிவசாமி கொழும்பில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, ஒரு பொறியியல் கம்பெனியில் படம் வரைபவனாக இருந்தான். அடுப்பு இல்லாத வீரய்யா மூன்று மாதம் வீட்டுக்குள் குட்டி போட்ட பூனையாகத் திரிந்தார். அம்மாக்கண்ணுவின் அடுப்பில் தலையிட்டார். அவள் அகப்பையோடு துரத்தினாள்.

அப்போதுதான் நாகரத்தினம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

நாகரத்தினம் அட்டன் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். கொட்டகலைக்கு மேலே பாழடைந்து கிடந்த, உதவி மானேஜரான சின்னத்துரை ஒருவர் இருந்த பங்களாவை வாங்கி, ஆதரவற்ற தோட்டத்துக் கிழங்களுக்கு இல்லமாக்கியிருந்தார். பன்னிரண்டு பேர். பிள்ளைகள் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய், இவர்கள் மட்டும் தங்கிவிட்டவர்கள் சிலர். பிள்ளையே இல்லாதவர்கள் சிலர். அதற்கு முன்பு யாரோ ஒருவருடைய காம்பராவின் தாழ்வாரத்திலும் மாட்டுக் கொட்டிலிலும் சாக்கு விரித்துப் படுத்துக் கிடந்தவர்கள்.

பங்களாவில் கூரை இருந்தது, சூடு இல்லை. 1961 தை மாதக் குளிரில் அழகன் என்ற கிழவர் கூடத்திலேயே விறைத்துப் போனார். காலையில் தேத்தண்ணி கொண்டுபோனவர்கள் தொட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அரசாங்க டாக்டர் வந்து பார்த்து எழுதிவிட்டுப் போனார்: அடுத்த ஜனவரி பதினைந்துக்குள் குளிக்கச் சுடுதண்ணியும், உட்காரச் சூடான ஓர் அறையும் வேண்டும். இல்லையென்றால் இல்லத்தை மூடவேண்டும்.

மூடினால் பன்னிரண்டு பேரும் எந்தக் கொட்டிலிலிருந்து வந்தார்களோ அங்கேதான் திரும்ப வேண்டும்.

“உன்னால முடியுமாப்பா?” என்று கேட்டார் நாகரத்தினம்.

“அடுப்பு என்னால முடியுங்க மொதலாளி. படத்துக்கு என் மவன் இருக்கான். படம் இல்லாட்டி டாக்டர் நம்ப மாட்டாரு.”

சிவசாமி விடுப்பெடுத்து வந்தான். கையில் ஓர் ஆங்கிலப் புத்தகம். ஒருவர் குளிக்க எவ்வளவு சுடுதண்ணி வேண்டும் என்று அதில் அட்டவணை இருந்தது. இருபத்தைந்து கலன். ஒரு கலன் நாலரை லிட்டர்.

வீரய்யா அந்தப் பக்கத்தை உற்றுப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எண் தெரியும். “இருபத்தஞ்சா? இது ஆளு குளிக்கிறதுக்கா, எரும குளிக்கிறதுக்கா?”

“அங்க தொட்டிக்குள்ள எறங்கிக் குளிப்பாங்கப்பா.”

“பேச்சியக்காவத் தொட்டிக்குள்ள எறக்கிட்டு யாரு தூக்குறது? நீயா?”

வாளியைக் கொண்டு வந்து அளந்தார்கள். குந்தி உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக் குளிப்பவருக்கு, பச்சைத்தண்ணி கலந்துகொள்வது போக, ஆறு கலன் சுடுதண்ணி போதும். தொட்டி உட்காரவேண்டிய கூரை மேல்கட்டைகள் முப்பது கலன் தொட்டிக்கு மேல் தாங்காது என்று சிவசாமி கண்டான். முப்பது கலன் என்றால் ஐந்து பேர் குளிக்கலாம். தீர்ந்தால் மறுபடி சூடேற ஒரு மணி நேரம். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்திலா குளிக்கப் போகிறார்கள்? ஆளுக்கொரு நேரத்தில் குளிப்பார்கள். புத்தகமும் அதைத்தான் சொன்னது. கணக்கு முடிந்தது.

அடுத்தது கூடம். தொட்டியிலிருந்து ஒரு குழாய் கூடத்துக்குப் போய், சுற்றிவிட்டு அடுப்புக்கே திரும்பி வரும். சூடான தண்ணீர் இலேசு, மேலே ஏறும். ஆறினது கனம், கீழே இறங்கும். மோட்டார் வேண்டியதில்லை. சரிவு சரியாக இருந்தால் போதும்.

“அட்டன்ல ஆளேத்திக்கிட்டு நுவரெலியா போயி, எறக்கிட்டு வெறும் வண்டியா வர்ற பஸ்ஸு மாதிரி,” என்றார் வீரய்யா.

சிவசாமி படத்தில் குழாயை ஜன்னல்களுக்குக் கீழே ஓட்டியிருந்தான். குளிர் உள்ளே வரும் இடத்திலேயே அதை மறிக்க வேண்டும் என்பது விதி. வீரய்யா படத்தைச் சுருட்டி வைத்தார். சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். கிழங்கள் பன்னிரண்டு பேரும் வழக்கம்போலக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் சுற்றித் தரையில் கோடு கிழித்தார்.

“என்னய்யா இது, செத்த பொணத்துக்கு அளவெடுக்குற மாதிரி,” என்றாள் பேச்சியம்மா.

“ஒங்க நாக்குக்கு இன்னும் அளவெடுக்கல்லக்கா. அதுக்கு நீளமா நாலு கட்டி வேணும்.”

பன்னிரண்டு வட்டமும் உள்சுவரை ஒட்டியே இருந்தன. ஜன்னல் பக்கம் ஒன்றுகூட இல்லை. குளிர் வரும் பக்கம் ஏன் உட்காரப் போகிறார்கள்? சிவசாமி ஜன்னல் குழாயை அழித்துவிட்டு, உள்சுவரின் அடியில், முதுகு சாயும் உயரத்தில் போட்டான். குழாய் முதுகைச் சுடாமலிருக்க முன்னால் பலகைச் சட்டம். அந்தச் சட்டம் புத்தகத்தில் இல்லை.

உடைந்து மூலையில் கிடந்த பழைய டிரையர் அடுப்பின் இரும்பைத் தோட்டத்தில் கேட்டு வாங்கினார்கள். விறகுக்குப் பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய வேர்க்கட்டை. மார்கழி நடுவில் முதல் முறையாக நெருப்பு வைத்தார்கள். சிவசாமி கடைத்தெருவுக்கு ஆணி வாங்கப் போயிருந்தான். திரும்பி வரும்போது தொட்டி முனகும் சத்தம் ரோட்டுவரை கேட்டது.

தொட்டியின் தலையிலிருந்து கூரைக்கு மேலே திறந்தபடி நிற்கும் ஒரு குழாய் உண்டு. ஆவி போவதற்கு. அதில் ஆவி போவதைப் பார்த்த வீரய்யாவுக்கு மனசு கேட்கவில்லை. கூரையேறி ஒரு சவுக்குக் கட்டையைச் செதுக்கி அடைத்துவிட்டார். பச்சைத்தண்ணி உள்ளே வந்தால் சூடு ஆறிவிடுமே என்று அந்தக் குழாயையும் பூட்டிவிட்டார். தொட்டியின் பக்கங்கள் கட்டெறும்பு கடித்த கன்னம்போல உப்பியிருந்தன.

சிவசாமி நெருப்பை வாரி வெளியே கொட்டினான்.

“அப்பா, இதுக்குப் பேரு தொட்டி இல்ல. வெடிகுண்டு.”

வீரய்யா கூரையேறிக் கட்டையைப் பிடுங்கிப் போட்டார். மறுநாள் முதல் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கூரையைக் காட்டி, “அதுதான் தொட்டிக்கு மூக்கு. மூக்க அடைக்கக்கூடாது. எங்க வேலையில அது மொதல் பாடம்,” என்று சொல்ல ஆரம்பித்தார். மகன் பக்கத்தில் நிற்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

1962 ஜனவரி பதினொன்று, வியாழக்கிழமை. எல்லாம் தயார். டாக்டர் திங்கட்கிழமை வருவதாகச் செய்தி. கூடத்தில் குழாய் வெதுவெதுவென்று இருந்தது. முதுகைச் சாய்த்த மாயாண்டி, “யாரோ பின்னால ஒக்காந்து ஒத்தடம் குடுக்குற மாதிரி இருக்குப்பா,” என்று கண்ணை மூடிக்கொண்டார். மாயாண்டி ஒரு காலத்தில் சில்லறைக் கங்காணி. இருபது பேரை மேய்த்தவர். இப்போது அவருக்கு மிச்சம் கம்பும் கோட்டும்.

இனிக் குளியல்தான் பாக்கி. நாளைக் காலையிலிருந்து யாருக்கு எப்போது வேண்டுமோ அப்போது குளிக்கலாம் என்று சிவசாமி எல்லாரிடமும் சொன்னான்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் பள்ளத்துத் தோட்டத்தில் தப்பு அடித்தார்கள். பெரட்டுக்கான தப்பு. பெரட்டு என்றால், விடியுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்தி, யார் யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று பிரித்துவிடுவது. இல்லத்துக் கிழங்களுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் தப்புச் சத்தம் கேட்டதும் பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள். பன்னிரண்டு பேரும் வாளியோடு குளியலறை வாசலில் வரிசையாக நின்றார்கள்.

முதல் ஐந்து பேர் ஆவி பறக்கக் குளித்தார்கள். ஆறாவது ஆளுக்கு வெதுவெதுப்பு. அதற்குப் பிறகு ஆற்றுத் தண்ணீர். கங்காணி கடைசியில்தான் நிற்க வேண்டும் என்ற முறைப்படி கடைசியில் நின்ற மாயாண்டிக்கு ஐஸ். அன்று முழுக்கத் தும்மினார். கூடத்துக் குழாயும் ஆறிப்போயிற்று.

சிவசாமி உட்கார்ந்து அட்டவணை போட்டான். பெயர், நேரம், எல்லாம் கட்டம் கட்டி. ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டினான். “சரிங்க தம்பி,” என்றார்கள் எல்லாரும். சனிக்கிழமை காலை தப்பு அடித்தது. பன்னிரண்டு வாளியும் வரிசையில் நின்றன.

“ஆத்தா, ஒங்க நேரம் ஏழரைன்னு நேத்து சொன்னேனே.”

“தெரியும் தம்பி,” என்றாள் பேச்சியம்மா. “ஏழரைக்கு வந்தா வெரட்டிட்டாங்கன்னா?”

“யாரு வெரட்டுறது? இங்க யாரும் இல்லியே.”

“யாரும் இல்லதான். ஆனா வெரட்டுவாங்க.”

ஐம்பது வருடம். பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்குப் பேர் இல்லை. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. செக்ரோல் புத்தகத்தில் பெயருக்கு எதிரே ஒரு கோடு விழுந்தால் ஒரு பேர். பாதி நாள் என்றால் அரைப்பேர். கோடு விழாத நாள் பட்டினி. இது சிவசாமியின் அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் இல்லை.

அவன் அடுப்படியில் போய் உட்கார்ந்தான். திங்கட்கிழமைக்கு இரண்டு நாள். பெரிய தொட்டி வைக்க மேல்கட்டை தாங்காது. கணக்கு எந்த வழியில் போட்டாலும் ஏழு பேர் பச்சைத்தண்ணியில் நின்றார்கள். டாக்டர் வந்து பார்க்கும்போது பல்லடித்துக்கொண்டு நிற்பார்கள்.

“என் தப்புப்பா.”

“தப்பு ஒந்தப்பு இல்ல. அங்க கீழ அடிக்கிறானே, அவன் தப்பு.” வீரய்யா எழுந்து நாகரத்தினத்தின் கடையிலிருந்து வந்த வெறும் நோட்டுக் கொப்பி ஒன்றை எடுத்தார். ஒரு துண்டுப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கூடத்துக்குப் போனார். “மாயாண்டிக் கங்காணி, ஒங்க கோட்டக் கொஞ்சம் குடுங்களேன். நாளைக்குத் தாரேன்.”

ஞாயிற்றுக்கிழமை தைப்பொங்கல், பள்ளத்தில் பெரட்டு இல்லை. ஆனாலும் பொங்கலுக்கென்று விடியுமுன்பே தப்பு அடித்தது. பன்னிரண்டு பேரும் வாளியோடு வந்து பார்த்தால், குளியலறை வாசலில் மாயாண்டியின் கோட்டைப் போட்டுக்கொண்டு, கொப்பியும் கையுமாகக் கணக்கப்பிள்ளை மாதிரி வீரய்யா நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

“வரிசையில நில்லுங்க. பேச்சு என்னா பேச்சு. ஒண்ணாம் நம்பர் மல, நாலு பேரு. மாயாண்டி, கங்காணி. குளிக்கிற வேல. போங்க உள்ள.” நாலு கோடு போட்டார். “ரெண்டாம் நம்பர் மல, நாலு பேரு. ஒங்களுக்கு ஆறரை வரைக்கும் கம்பளி வேல.”

“அது என்னா வேலங்க?” என்றது ஒரு குரல்.

“கம்பளிக்குள்ள படுத்துக் கெடக்குற வேல. ஆறரைக்குக் கங்காணி வந்து கூப்புடுவாரு. அதுக்கு முந்தி எந்திரிச்சா அரைப்பேருதான். மூணாம் நம்பர் மல, ஏழரை வரைக்கும் அதே வேல.”

எட்டுப் பேரும் வாளியை இறுகப் பிடித்தபடி நின்றார்கள். பிறகு மாயாண்டி கம்பைத் தரையில் தட்டினார். “கேட்டுச்சா இல்லியா? போங்க போங்க, வேலைக்குப் போங்க.” இருபது வருடமாக வெளிவராத குரல். எட்டுப் பேரும் அவரவர் பாய்க்கு வேலைக்குப் போனார்கள்.

பேச்சியம்மா மட்டும் நின்றாள். “கணக்கப்புள்ள ஐயா. இன்னிக்கு ஞாயித்துக்கெழம.”

“அதுக்கு?”

“ஞாயித்துக்கெழம வேலைக்கு ஒண்ணரைப்பேரு போடணும். பொங்கலும் கூட.”

வீரய்யா கொப்பியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “சரி, ஒண்ணரை. ஆனா கால மட்டும் கழுவிட்டு வந்து நின்னீங்க, வெட்டிருவேன்.”

“வெட்டுவீங்க, வெட்டுவீங்க,” என்றாள் பேச்சியம்மா. “நாப்பத்தெட்டுக்குப் பொறகு, நீ இந்த நாட்டுக்காரி இல்லன்னு வோட்டு லிஸ்டுல எம்பேர வெட்டிப்புட்டாங்க. வயசாச்சுன்னு செக்ரோல்ல வெட்டிப்புட்டாங்க. சுடுதண்ணிக்காவது எம்பேரு இருக்கட்டும். வெட்டாதீங்க.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வீரய்யா பென்சிலை நாக்கில் தொட்டு, அவள் பெயரை எழுத்துக்கூட்டிப் பெரிதாக எழுதினார். எழுதி, கீழே கோடு கிழித்தார்.

நாலு பேருக்கு இருபத்துநாலு கலன். தொட்டியில் ஆறு கலன் மிச்சம். ஒரு மணி நேரத்தில் மறுபடி சூடு. அன்று பன்னிரண்டு பேரும் சுடுதண்ணியில் குளித்தார்கள். பொங்கல் பானையைக் கூடத்துக் குழாய் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை டாக்டர் எட்டு மணிக்கு வருவார் என்று நினைத்தார்கள். ஏழுக்கே வந்தார். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், சிரிக்காத மனிதர். குளியலறையில் கையை விட்டுப் பார்த்தார், சட்டென்று எடுத்தார். கூடத்துக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு படுக்கையறைக்குப் போனார். நாலு பேர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி, விறைப்பாகப் படுத்திருந்தார்கள். இவர்களுக்கு என்ன நோய் என்று சிங்களத்தில் கேட்டார்.

“லெட நே மஹத்தயா,” என்றார் வீரய்யா. நோய் இல்லை ஐயா. “வெட கரனவா.” வேலை செய்கிறார்கள்.

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கொப்பியை வாங்கினார். கோடுகளைப் பார்த்து, ஒரு பெயருக்கு எதிரே அரைக்கோடு மட்டும் ஏன் என்று கேட்டார். சிவசாமி சிங்களத்தில் சொல்ல வேண்டியதாயிற்று: அந்த அம்மா இன்று முறைக்கு முன்பே எழுந்துபோய்க் கால்களை மட்டும் கழுவிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். கம்பளிக்குள்ளிருந்து பேச்சியம்மாவின் குரல் வந்தது. “பொய்யி. மூஞ்சியும் கழுவுனேன்.”

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். மலைக்கு ஐந்து பேர் வீதம், பதினைந்து பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கை அவரே போட்டு எழுதினார்.

படம் வரைந்தது யார் என்று கேட்டார். “படம் இவன்,” என்றார் வீரய்யா. “மூக்கு நான்.” எந்த மூக்கு என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிவசாமி உள்ளதைச் சொல்லியிருப்பான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு நாளும் விடியுமுன் வீரய்யா வீட்டிலிருந்து ஏறி வந்து அடுப்பு மூட்டினார், பெரட்டுப் போட்டார். காய்ச்சலாகக் கிடந்த நாட்களில் கூரை ஒழுகினாலும் பரவாயில்லை, கொப்பி நனையக்கூடாது என்று அம்மாக்கண்ணுவிடம் கொடுத்து அனுப்பினார். இருவர் இறந்தார்கள். சூட்டில்தான் இறந்தார்கள், பாயில். நாலு பேர் புதிதாக வந்தார்கள். 1963 கார்த்திகையில் ஆள் பதினாலு. ஓர் இடம் மிச்சம்.

அக்கரப்பத்தனை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் ஒரு கிழவியைப் பற்றிச் சொன்னான். பெயர் ராக்காயி. அக்கரப்பத்தனைத் தோட்டத்து மேல்பிரிவில் கடைசி லயத்துக்குப் பின்னால், கோழிக்கூட்டுச் சாய்ப்பில் கிடக்கிறாள். மகனும் மருமகளும் ராமநாதபுரம் பக்கம் போய் ஒரு வருடமாகிறது. அவளுக்குக் கடவுச்சீட்டு கிடைக்கவில்லை. வீரய்யா நாகரத்தினத்திடம் கேட்டார். முதலாளி சரி என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை போய்க் கூட்டி வருவதாக முடிவு. தையில் அங்கே பனி கொட்டும், அதுவரை விட்டுவைத்தால் கிழவி தாங்கமாட்டாள் என்றார் வீரய்யா.

சிவசாமிக்கு இதெல்லாம் சாவு வீட்டில்தான் தெரிந்தது. வியாழக்கிழமை வீரய்யாவை அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமை விடிகாலையில் அவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. இல்லத்துக்கு ஏறினான். அடுப்பை யாரோ மூட்டியிருந்தார்கள். புகை கூரைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

கீழே தப்பு அடித்தது. குளியலறை வாசலில் மாயாண்டி கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர்களை மனப்பாடமாகக் கூப்பிட்டார். ஒண்ணாம் மலை ஐந்து. ரெண்டாம் மலை ஐந்து. மூணாம் மலையில் நாலு பெயருக்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை.

“ராக்காயி.”

கொப்பியைத் திருப்பிச் சிவசாமியிடம் நீட்டினார்.

“வீரய்யா போன வாரமே எழுதிட்டாரு,” என்றார் மாயாண்டி சிவசாமியிடம். “இருக்கா பாருங்க தம்பி.”

இருந்தது. துண்டுப் பென்சிலால், எழுத்துக்கூட்டி. பக்கத்தில் சின்னதாக, ‘வெள்ளி, முதல் பஸ், கம்பளி எடுக்கணும்’.

“கோடு போடட்டுங்களா, வெட்டட்டுங்களா?”

“ரெண்டும் வேணாம் கங்காணியாரே,” என்றான் சிவசாமி.

அக்கரப்பத்தனைக்கு முதல் பஸ் ஆறேகாலுக்கு. அடுப்படி ஆணியில் ஒரு புதுக் கம்பளி, சணல் கயிறு கட்டியபடி தொங்கியது. சிவசாமி அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.